பனிமலை தாண்டிக் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி

சுமார் 640-ம் ஆண்டு.

காஞ்சீபுரத்தைத் தலைநகராகக் கொண்டு பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் ஆண்டுவந்தார். மாமல்லர் என்று பெயர் பெற்றவர் அவர்தான்.

அப்போது காஞ்சி நகருக்கு ஒரு துறவி வந்து சேர்ந்தார். நல்ல உயரம். சிவப்பும் வெளுப்பும் கலந்த மேனி. ஒளி வீசும் கண்கள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பார்த்தவுடனே வெளிதேசத்தார் என்று தெரிந்துவிடும்.

அவர் பெயர் யுவான் சுவாங். சொந்த நாடு சீனா.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். காஞ்சியின் பெருமையை எழுதி வைத்தவர் என்று படித்திருப்பார்கள். ஆனால், காஞ்சி மண்ணை மிதிப்பதற்கு முன்னால் அவர் பனிமலையில் தம் கூட்டாளிகள் எத்தனை பேரைப் பறிகொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஊர் திரும்பும்போது கப்பலில் போக வசதி கிடைத்தும், அவர் மறுபடியும் அந்தப் பனிமலைப் பக்கமே ஏன் போனார் என்பதும் தெரியாது.

ஒரு ராஜாவுக்குக் கொடுத்த வாக்குதான் அதற்குக் காரணம்.

கடைசிப் பிள்ளை

சீனாவில் லோயாங் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே படித்த குடும்பம் ஒன்றில் நாலு ஆண் பிள்ளைகள். அதில் கடைசிப் பிள்ளை யுவான் சுவாங்.

இரண்டாவது அண்ணன் புத்த மடத்தில் சேர்ந்து துறவியானார். தம்பியும் அண்ணன் பின்னாலேயே போனார். 13 வயதில் மடத்தில் சேர்ந்தார். இருபது வயதில் முழுத் துறவியானார்.

மடத்தில் இருந்த நூல்களையெல்லாம் படித்தார். படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் வளர்ந்தது. ஒரு நூல் ஒன்று சொன்னது. இன்னொரு நூல் வேறொன்று சொன்னது. மொழிபெயர்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். மூல நூல்கள் இருப்பது இந்தியாவில். அங்கேயே போய்க் கற்றுக்கொண்டு வருவது என்று முடிவு செய்தார்.

ஆனால் அப்போது யாரும் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று சீனச் சக்கரவர்த்தி உத்தரவு போட்டிருந்தார். யுவான் சுவாங் அனுமதி கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. 629-ம் ஆண்டை ஒட்டி, ஒருவருக்கும் தெரியாமல் மேற்கே கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

வழி தெரிந்த கிழட்டுக் குதிரை

எல்லைப்புறத்தில் ஒரு கிழவர் அவரைப் பார்க்க வந்தார். அவரிடம் ஒரு கிழட்டுச் சிவப்புக் குதிரை இருந்தது. இளைத்துப்போன குதிரை. ஆனால் பாலைவனத்தைத் தாண்டி 15 முறை போய் வந்த குதிரை! யுவான் சுவாங் தம்முடைய நல்ல குதிரையைக் கொடுத்துவிட்டு, அந்தக் கிழட்டுக் குதிரையை வாங்கிக்கொண்டார்.

அதுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. பாலைவனத்தின் நடுவே தண்ணீர்ப் பை கை தவறிக் கவிழ்ந்துவிட்டது. நாலு இரவு, ஐந்து பகல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துறவி மணலில் மயங்கிக் கிடந்தார். பிறகு மெல்ல எழுந்து குதிரையில் ஏறினார். குதிரை திடீரென்று வேறு பக்கம் திரும்பியது. இழுத்துப் பார்த்தார். அது கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பச்சைப் புல்லும் ஒரு குளமும் தெரிந்தன.

துர்பான் ராஜா

பாலைவனத்துக்கு அப்பால் துர்பான் என்ற நாடு. அந்த நாட்டு ராஜாவுக்குத் துறவியை மிகவும் பிடித்துவிட்டது. தம்முடைய நாட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்றார். துறவி மறுத்தார். விடவே மாட்டேன் என்று ராஜா பிடிவாதம் பிடித்தார்.

யுவான் சுவாங் உண்ணாவிரதம் இருந்தார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாலாவது நாள், துறவியின் மூச்சு ஒடுங்கிப்போனதைப் பார்த்து ராஜா பயந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார். தாயார் முன்னிலையில் இருவரும் அண்ணன் தம்பி என்று உறுதி செய்துகொண்டார்கள்.

திரும்பி வரும்போது துர்பானில் மூன்று வருஷம் தங்க வேண்டும் என்று ராஜா கேட்டார். யுவான் சுவாங் சம்மதித்தார்.

பிறகு ராஜா வழிச்செலவுக்குக் கொடுத்ததைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். 30 குதிரைகள். 25 வேலைக்காரர்கள். நாலு இளந்துறவிகள். 100 பொன். 30,000 வெள்ளி நாணயம். 500 சுருள் பட்டு. அந்தக் காலத்தில் மத்திய ஆசியாவில் பட்டும் பணம் மாதிரிதான். கடைத்தெருவிலும் செல்லும், அரண்மனையிலும் செல்லும். வழியில் உள்ள 24 நாட்டு அரசர்களுக்கும் ஆளுக்கு ஒரு கடிதம். மேற்கே குளிர் அதிகம் என்று முகத்துக்குத் துணி, கைக்கு உறை, காலுக்குத் தோல் பூட்ஸ் எல்லாம் தைத்துக் கொடுத்தார்.

இருபது வருஷத்துக்குப் போதுமான ஏற்பாடு அது. பணம், ஆள், சிபாரிசு, குளிர் உடை எதற்கும் குறைவில்லை.

எதிரே மலை நின்றது.

ஏழு நாள்

கூச்சா என்ற ஊரில் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். மலைப்பாதையில் பனி மூடிக் கிடந்தது. பனி இளகும் என்று பார்த்தார்கள். பிறகு கிளம்பினார்கள். அவர்கள் ஏறியது தியான்ஷான் மலைத்தொடர். அவர்கள் கடந்த இடம் பெடல் கணவாய் என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். அதன் உயரம் ஏறக்குறைய 14,000 அடி.

14,000 அடி என்றால் என்ன? காஞ்சீபுரம் கடல் மட்டத்திலிருந்து 300 அடி உயரம்கூட இல்லை. தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம் ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தொட்டபெட்டா. அது 8,652 அடி. அதற்கு மேலே இன்னொரு 5,000 அடி ஏறினால்தான் யுவான் சுவாங் போன இடம் வரும்.

உலகம் தோன்றிய நாள் முதல் சேர்ந்த பனியெல்லாம் அங்கே இறுகிக் கிடப்பதாக அவருக்குத் தோன்றியது. கோடையிலும் அது உருகவில்லை. பனிப்பாறைகள் உடைந்து பாதையில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன. சில 100 அடி உயரம். இடுக்கில் நுழைந்தும், மேலே தொற்றி ஏறியும் போக வேண்டியிருந்தது.

இரண்டு அடுக்குக் காலணி போட்டார்கள். கம்பளி ஆட்டுத் தோலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டார்கள். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை.

சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும் என்றால் உட்காருவதற்கு ஒரு காய்ந்த இடம் கிடையாது. பாத்திரத்தைத் தொங்கவிட்டுத்தான் சமைத்தார்கள். பனிக்கட்டியின் மேலேயே பாயை விரித்துப் படுத்தார்கள்.

இங்கே இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நம் வீட்டு அடுப்பில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. மேலே போகப் போக, காற்றின் அழுத்தம் குறைகிறது. 14,000 அடி உயரத்தில் தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும். உள்ளே அரிசி வேகாது! பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விறகையும் கீழேயிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் ஏறிக் களைத்தவர்களுக்கு அரை வேக்காட்டுச் சாப்பாடு எப்படி இறங்கும்?

அந்த மலையில் போகிறவர்களுக்கு ஊர் ஜனங்கள் மூன்று கட்டளை வைத்திருந்தார்கள். சிவப்பு உடை கூடாது. சுரைக்குடுக்கை எடுத்துப் போகக்கூடாது. உரக்கக் கத்தக்கூடாது. மீறினால் மலையில் உள்ள நாகம் சீறி எழும், புயல் வீசும், கல்லும் மணலும் மழையாகக் கொட்டும் என்று நம்பினார்கள். யுவான் சுவாங் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். அது பனிச்சரிவைத்தான் குறிக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். சத்தம் போட்டால் மட்டும் பனி சரிந்துவிடாது என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். 

ஏழாவது நாள் மலையை விட்டு இறங்கினார்கள்.

கணக்குப் பார்த்தபோது, பத்துப் பேருக்கு மூன்று நாலு பேர் வீதம் இறந்துபோயிருந்தார்கள். மாடுகளும் குதிரைகளும் அதைவிட அதிகமாகச் செத்திருந்தன.

துர்பான் ராஜா அருமையாகத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆட்கள் அவர்கள். அவர்கள் பெயர்கூடச் சரித்திரத்தில் இல்லை.

தலைவலி மலை

குளிராலும் பசியாலும் இறந்தார்கள் என்று யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அவருடைய சீடர் ஹுய்லி எழுத ஆரம்பித்த நூல் அது. ஆனால் உயரத்துக்கும் இதில் பங்கு இருந்திருக்க வேண்டும்.

இது சீனர்களுக்கு முன்பே ஓரளவு தெரிந்த சங்கதிதான். மேற்கே போகும் வழியில் பெரிய தலைவலி மலை, சின்னத் தலைவலி மலை என்று இரண்டு மலை இருப்பதாக அவர்களுடைய பழைய சரித்திரத்தில் உண்டு. அங்கே போனால் மனிதர்களுக்கு உடம்பு காயும், முகம் வெளுக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும், கழுதைக்கும் மாட்டுக்கும்கூட அப்படித்தான் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். யுவான் சுவாங்குக்கு 200 வருஷத்துக்கு முன் இந்தியாவுக்கு வந்த பாகியான் என்ற சீன யாத்திரிகரின் சிநேகிதர் ஒருவர், பனிமலையில் வாயில் நுரை தள்ளி இறந்துபோனார்.

காரணம் பிற்காலத்தில்தான் தெரிந்தது. 14,000 அடியில் காற்று மெலிந்துவிடுகிறது. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே கிடைக்கும். உடம்பு அதற்குப் பழகச் சில நாள் வேண்டும். பழகாமல் ஏறினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. அதையும் மீறி ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து.

இதில் வாலிபன், வயோதிகன் என்ற வித்தியாசம் இல்லை. கல்லை உடைக்கும் பலசாலியும் படுத்துவிடலாம். மெலிந்த கிழவி நடந்துபோய் வந்துவிடலாம். இன்றைக்குக் கேதார்நாத் போகிறவர்கள் 11,700 அடிக்கு ஏறுகிறார்கள். அமர்நாத் குகை 12,700 அடிக்கு மேல். லடாக்கில் உள்ள லே நகரம் 11,500 அடி. சென்னையில் காலையில் விமானம் ஏறி, பகலில் லேயில் இறங்கிவிடலாம். கால் போய்ச் சேர்ந்துவிடும். உடம்பு பின்னால்தான் வரும். முதல் இரண்டு நாள் பேசாமல் படுத்து ஓய்வெடுங்கள் என்று அங்குள்ள வைத்தியர்கள் சொல்வது அதனால்தான். 10,000 அடிக்கு மேலே, முதல் நாள் படுத்த இடத்தைவிட 1,500 அடிக்கு மேல் உயரமான இடத்தில் மறுநாள் படுக்கக்கூடாது என்பது மலையேறுகிறவர்களின் கணக்கு. தலைவலி முற்றினால் மருந்து தேடி மேலே போவதல்ல. கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம்.

யுவான் சுவாங்குக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

காஷ்மீரம் முதல் நாளந்தா வரை

மலைக்கு அப்பால் இசிக்குல் என்ற பெரிய ஏரி. குளிர்காலத்திலும் உறையாத ஏரி. அதைத் தாண்டிப் போனபோது துருக்கியர் தலைவர் ஒருவர் துறவிக்கு விருந்து வைத்தார். இந்தியா மிகவும் சூடான தேசம், நீங்கள் உருகிப்போவீர்கள், போகாதீர்கள் என்று அவர் தடுத்தாராம். பனியில் பாதி உயிர் போய் வந்தவருக்கு இந்த எச்சரிக்கை!

பிறகு சாமர்கண்டு. பாமியான். அங்கே மலையில் குடைந்த பிரம்மாண்டமான புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். (2001-ம் ஆண்டு தலிபான்கள் அவற்றை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.) அப்பால் இந்துகுஷ் மலை. அது முதல் மலையைவிட இரண்டு மடங்கு கஷ்டம். பனிப்புயலில் வழி தவறிவிட்டது. வேட்டைக்காரர்கள் சிலர் எதிர்ப்பட்டு வழி காட்டியதால் பிழைத்தார்.

காஷ்மீரத்தில் இரண்டு வருஷம் தங்கிப் படித்தார். கடைசியில் பீகாரில் உள்ள நாளந்தாவை அடைந்தார்.

நாளந்தாவின் தலைமை ஆசிரியர் சீலபத்திரர். நூறு வயதைத் தாண்டியவர் என்று எழுதியிருக்கிறார்கள். யுவான் சுவாங் அவருக்குச் சீடரானார். பல வருஷம் அவர் காலடியில் அமர்ந்து படித்தார்.

அந்தச் சீலபத்திரருக்குக் குரு யார் தெரியுமா? தர்மபாலர். காஞ்சீபுரத்துக்காரர்!

காஞ்சியில் ஒரு பெரிய மந்திரியின் மகன் தர்மபாலர். மன்னரின் மகளையே அவருக்குக் கல்யாணம் செய்துகொடுக்க ஏற்பாடாயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, மாப்பிள்ளை புத்தர் சிலைக்கு முன் நின்று வேண்டிக்கொண்டார். அன்றிரவே மறைந்துவிட்டார். வெகு தொலைவில் ஒரு மலை மடத்தில் அவரைக் கண்டார்கள். பிறகு அவர் நாளந்தாவுக்கே தலைவரானார். இந்தக் கதையை எழுதிவைத்தவரும் யுவான் சுவாங்தான்.

ஆகவே அவர் காஞ்சிக்கு வந்தது குருவுக்குக் குரு பிறந்த ஊரைப் பார்க்க வந்தது போல.

காஞ்சியில் ஏமாற்றம்

உண்மையில் அவர் போக நினைத்தது இலங்கைக்கு. வங்காளத்தில் கப்பல் ஏறிவிடலாம் என்றிருந்தார். தென்னாட்டுத் துறவி ஒருவர் அவரைத் தடுத்தார். அந்தக் கடல்வழி நீண்டது, ஆபத்தானது. தரை வழியாகவே தெற்கே போங்கள். அங்கிருந்து மூன்றே நாள் கப்பல் பிரயாணம் என்று யோசனை சொன்னார். பழைய யுவான் சுவாங்காக இருந்தால் என்ன செய்திருப்பாரோ! மலையில் அடிபட்டவர், வழி தெரிந்தவர் பேச்சைக் கேட்டார். ஒரிசா, ஆந்திரம் வழியாக நடந்து காஞ்சிக்கு வந்தார்.

செழிப்பான பூமி, வெப்பமான ஊர் என்று எழுதினார். ஜனங்கள் தைரியசாலிகள், நம்பத் தகுந்தவர்கள், கல்வியைப் போற்றுகிறவர்கள் என்று பாராட்டினார். நூற்றுக்கு மேல் புத்த மடங்கள், 10,000 பிட்சுக்கள். சுமார் 80 கோவில்கள். சமணர்களும் நிறைய இருந்தார்கள்.

இன்று காஞ்சிக்குப் போகிறவர்கள் பார்க்கும் கைலாசநாதர் கோவில் அப்போது இல்லை. அது சுமார் 700-ம் ஆண்டில் ராஜசிம்மப் பல்லவர் எழுப்பியது. பனிமலையின் பெயரில் கல்லால் ஒரு கைலாசம் எழும்புவதற்கு 60 வருஷம் முன்பே, நிஜமான பனிமலையைக் கடந்தவர் அந்த ஊருக்கு வந்து போய்விட்டார்!

காஞ்சியில் அவருக்கு ஒரு கெட்ட செய்தி காத்திருந்தது. இலங்கையில் ராஜா இறந்துவிட்டார், அங்கே பஞ்சம். முந்நூறுக்கு மேற்பட்ட இலங்கைப் பிட்சுக்கள் காஞ்சிக்கு ஓடி வந்திருந்தார்கள். யுவான் சுவாங் அவர்களிடம் தமக்கிருந்த சந்தேகங்களைக் கேட்டுப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களாலும் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் தூரத்தில் இருந்த இலங்கையைப் பார்க்காமலே, அந்தப் பிட்சுக்களில் எழுபது பேரோடு திரும்பி வடக்கே நடந்தார்.

கப்பல் வேண்டாம்

643-ம் ஆண்டு. வட இந்தியாவை ஆண்ட ஹர்ஷ சக்கரவர்த்தி, துறவிக்கு விடை கொடுக்க மனமில்லாமல் விடை கொடுத்தார். எந்த வழியாகப் போகிறீர்கள், தெற்குக் கடல் வழியாகப் போவதானால் துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார்.

கப்பலில் போனால் பனிமலை இல்லை. பாலைவனம் இல்லை. வழியெல்லாம் ராஜமரியாதை.

துறவி வேண்டாம் என்றார். துர்பான் ராஜாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த வழியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் போனார்.

ஹர்ஷர் ஒரு பெரிய யானையும், 3,000 பொன்னும், 10,000 வெள்ளியும் கொடுத்தனுப்பினார். சிந்து நதியைக் கடக்கும்போது படகு ஆடி, 50 ஏட்டுச் சுவடிகளும் பூச்செடி விதைகளும் ஆற்றோடு போயின.

யானையோடு பனிமலையில்

இந்துகுஷ் மலை மறுபடி எதிரே வந்தது. இந்தத் தடவை ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. கபிச நாட்டு அரசர் ஒரு மந்திரியோடு நூறு பேரைத் துணைக்கு அனுப்பினார். பட்டுச் சுருள் அல்ல. புல்லும் தீனியும் உணவும் சுமந்துகொண்டு அவர்கள் கூட வந்தார்கள். அவசரப்படாமல் ஏழு நாள் ஏறினார்கள். குதிரை மேல் உட்கார முடியாத இடங்களில் தடியூன்றி நடந்தார்கள். மேலும் ஏழு நாள் சென்றது.

ஒரு முகட்டுக்கு அடியில் ஒரு சிறு கிராமம். நூறு வீடுகள் இருக்கும். கழுதை அளவு பெரிய ஆடுகளை வளர்க்கிறவர்கள். அன்று அங்கே தங்கினார்கள். நடு இரவில் கிளம்பினார்கள். கிராமத்தான் ஒருவன் மலை ஒட்டகத்தில் ஏறி முன்னால் போனான்.

நடு இரவில் ஏன்? பகல் வெயிலில் பனி இளகிவிடும். கால் வைத்தால் உள்ளே போகும். இரவில் இறுகிக் கிடக்கும். இன்றைக்கும் பெரிய சிகரங்களில் ஏறுகிறவர்கள் நடு இரவில்தான் கூடாரத்தை விட்டுக் கிளம்புகிறார்கள். அந்தக் கிராமத்தானுக்கு அது தெரிந்திருந்தது. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் பள்ளங்களும் ஓடைகளும் அவனுக்கு அத்துப்படி. அவன் வழிகாட்டாவிட்டால் விழுந்தே மடிந்திருப்பார்கள் என்று வரலாற்று நூல் சொல்கிறது.

மறுநாள் மாலை மட்டும் பனியில் நடந்தார்கள். அப்போது கூட்டத்தில் மிஞ்சியவர்கள் ஏழு துறவிகள், இருபது கூலியாட்கள். ஒரு யானை, பத்துக் கோவேறு கழுதை, நாலு குதிரை.

ஆம். இந்தியக் காட்டில் பிறந்த யானை இந்துகுஷ் பனியில் நடந்தது!

அப்புறமும் ஒரு முகடு. தூரத்தில் பார்த்தபோது பனி போல் இருந்தது. கிட்டப் போனால் வெள்ளைக் கல். உச்சியில் காற்று ஆளை நிமிர்ந்து நிற்க விடவில்லை. ஒரு புல் பூண்டு கிடையாது. பறவைகள்கூட அங்கே பறக்க முடியாமல் நடந்து தாண்டி, அப்பால் போய்த்தான் சிறகை விரிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த உச்சியையும் தாண்டினார்கள். அதையடுத்துப் பாமீர்ப் பீடபூமி.

பாமீரைக் கடந்து இறங்கும் வழியில் கொள்ளைக்காரர்கள் பாய்ந்தார்கள். யானை மிரண்டு ஓடி, தண்ணீரில் விழுந்து மூழ்கிவிட்டது. இரண்டு பெரிய மலைகளைக் கடந்த யானை அது.

ராஜா இல்லை

கோட்டான் நாட்டுப் பக்கம் வந்தபோது துர்பான் சமாசாரம் தெரிந்தது. துர்பான் நாடே இப்போது இல்லை. 640-ம் ஆண்டில் சீனச் சக்கரவர்த்தியின் படை அதைப் பிடித்துக்கொண்டது. படை வருகிறது என்று கேள்விப்பட்ட ராஜா நோயில் விழுந்து இறந்துபோனார். துறவி காஞ்சியில் இலங்கைப் பிட்சுக்களோடு பேசிக்கொண்டிருந்த அதே காலத்தை ஒட்டி அது நடந்திருக்கிறது.

யாருக்காக மலை ஏறி வந்தாரோ, அவர் மலை ஏறுவதற்கு முன்பே போய்விட்டார். யுவான் சுவாங் துர்பான் பாதையை விட்டு, தெற்குப் பாதையில் ஊர் திரும்பினார்.

கோட்டானில் அவர் கேட்டு எழுதிய ஒரு கதை பட்டு நெய்யும் காஞ்சிக்காரர்களுக்கு ருசிக்கும். பட்டுப்புழுவை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கடுமையான தடை இருந்த காலம். கிழக்கு நாட்டு ராஜகுமாரி ஒருத்தி கோட்டான் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். புகுந்த வீட்டில் பட்டு இல்லாமல் எப்படி உடுத்துவது? முசுக்கொட்டை விதையையும் பட்டுப்புழு முட்டையையும் தலை அலங்காரத்துக்குள் ஒளித்துவைத்துக் கொண்டுவந்துவிட்டாள். எல்லைக் காவலர்கள் எல்லாவற்றையும் சோதித்தார்கள். ராஜகுமாரியின் தலையைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை!

உடம்பில் தங்கிய குளிர்

645-ம் ஆண்டில் தலைநகர் சாங்கான் திரும்பினார். 20 குதிரைகள் சுமந்து வந்தவை 657 நூல்கள். உத்தரவை மீறி ஓடியவரைச் சக்கரவர்த்தி தாய்சுங் தண்டிக்கவில்லை, வரவேற்றார். மந்திரியாகும்படி கேட்டார். துறவி மறுத்துவிட்டு மொழிபெயர்ப்பில் உட்கார்ந்தார். 19 வருஷத்தில் 1,335 சுருள் எழுதி முடித்தார். அவருடைய ஏடுகளை வைக்க 652-ம் ஆண்டில் எழுப்பிய கோபுரம் இன்றும் அந்த நகரத்தில் நிற்கிறது.

ஆனால் பனிமலை அவரை விடவில்லை. மலையில் பிடித்த குளிர் நோய் உடம்பிலேயே தங்கிவிட்டது. அது எழும்பும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கும். பல வருஷம் மருந்து சாப்பிட்டு அடக்கி வைத்தார். 656-ம் ஆண்டு கோடையில், வெயில் தாங்காமல் குளிர்ச்சியான இடத்தில் இருந்துவிட்டார். பழைய நோய் திரும்பியது. பிழைப்பாரா என்று பயந்துபோனார்கள். சக்கரவர்த்தி அரண்மனை வைத்தியர்களை அனுப்பி, இரவு பகலாகப் பார்க்கச் சொன்னார். அப்போது எழுந்துவிட்டார்.

அதன்பின் தலைநகருக்கு வடக்கே, மலைப்பக்கத்து மடம் ஒன்றில் இருந்து வேலை செய்தார். 664-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, அறைக்குப் பின்னால் இருந்த சிறு வாய்க்காலைத் தாண்டும்போது கால் தடுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் கொஞ்சம் உரிந்தது. அவ்வளவுதான் காயம். அன்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் காலமானார்.